ஆறு டிகிரி

வான்கோழியை ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, கை துடைக்கத் துணி தேடித் திரும்பியபோதுதான் உப்பு ஜாடி கண்ணில் பட்டது. ஜாடி நிறைந்திருந்தது. கழுத்துவரை கல்லுப்பு. மூடியைத் திறந்து பார்த்தேன், மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன், அதற்குள் குறைந்துவிடப் போவதுபோல. நேற்று மாலை பன்னிரண்டு லிட்டர் தண்ணீரில் முக்கால் கிலோ உப்பைக் கரைத்து அதில் கோழியை முக்கி வைத்திருந்தால் ஜாடியில் நாலு விரற்கடையாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அப்படியானால் நான் உப்பு போடவில்லையா. அல்லது போட்டுவிட்டு ஜாடியைத் திரும்ப நிரப்பி வைத்தேனா. நிரப்பக்கூடிய ஆள்தான் நான். குறைந்த ஜாடியைப் பார்த்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது, ஸ்டோரில் சாக்கு நிறைய உப்பு இருக்கும்போது ஜாடி ஏன் குறைய வேண்டும். போட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதற்கும் போட்டேன் என்பதற்கும் நடுவில் நாலரைக் கிலோ வான்கோழி வெந்துகொண்டிருக்கிறது. தூத்துக்குடியில் ஒரு உப்புக் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் பாத்தி பாத்தியாகப் போய்த் தண்ணீரின் டிகிரி பார்த்துச் சம்பளம் வாங்கியவன், விரலை விட்டு நக்கிப் பார்த்தே இது பதினெட்டு, இது இருபத்திரண்டு, இன்னும் மூன்று நாளில் உப்பு விழும் என்று சொல்லக்கூடியவன், இன்னாசி கொரேரா, கிறிஸ்துமஸ் அன்று காலை பத்து மணிக்குத் தன் சொந்தச் சமையலறையில், உப்பு போட்டோமா போடவில்லையா என்று தெரியாமல் நிற்கிறான். எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் என் மனைவி தெக்லா என்னவென்று கேட்பாள் என்று சிரிக்கவில்லை.

அவளிடம் கேட்டுவிட்டால் ஒரு நிமிஷ வேலை. பின்கட்டில்தான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள், துருவுகிற சத்தம் இங்கே கேட்கிறது. தெக்லா, நேத்து நான் வாளியில உப்பு போட்டேனா. இவ்வளவுதான் கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டால் நான் தோற்றுப்போவேன். போன மாதம் மீன் வாங்கப் போனவன், பையில் சீலா மீனோடு இரண்டாம் ரயில்வே கேட் வழியாக நேரே நடந்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் காலி செய்துவிட்டு வந்த கம்பெனி குவார்ட்டர்ஸுக்குப் போய், கதவில் சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தேன். சாவி நுழையவில்லை. உள்ளேயிருந்து ஒரு பொண்ணு கதவைத் திறந்து, “யாரு வேணும் ஐயா?” என்று கேட்டது. “நீ யாரும்மா, என் வீட்டுல?” என்று நான் கேட்டேன். நல்ல பொண்ணு. நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, என் செல்போனை வாங்கித் தெக்லாவைக் கூப்பிட்டது. மீனைக்கூட ஃப்ரிட்ஜில் வைத்தது. அந்தச் சாவியைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது. அதைக் கேள்விப்பட்ட அடுத்த சனிக்கிழமையே சென்னையிலிருந்து டெரன்ஸ் வந்துவிட்டான். என் மகன் கோபித்துப் பேசுகிறவன் இல்லை, அதுதான் கஷ்டம், கோபித்தால் நானும் கோபித்துவிட்டுப் போவேன். “கிறிஸ்மஸ் முடிஞ்சதும் ரெண்டு பேரும் எங்ககூட வந்துருங்கப்பா. பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தா கடல் தெரியும்” என்றான். தெரிகிற கடலை வைத்து நான் என்ன செய்வது, எனக்கு நாற்றம் அடிக்கிற கடல் வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லாமல் வீராப்பாக வேறொன்றைச் சொன்னேன். வழக்கம்போல இந்த வருஷமும் வான்கோழியை நான்தான் செய்வேன், யாரும் ஒரு கை உதவக்கூடாது, உங்கம்மாவும்தான், சரியாக வந்தால் இந்த வீட்டைப் பூட்டுகிற பேச்சை இனி எடுக்கக்கூடாது, பிசகினால் மறுவார்த்தை இல்லாமல் உன்னோடு வருகிறேன் என்றேன். டெரன்ஸ் சிரித்தான். சிரித்துவிட்டு, “சரிப்பா” என்றான். சொந்த வீட்டை ஒரு வான்கோழியின் மேல் பந்தயம் கட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வான்கோழி என்றால் எளிதில்லை. நாட்டுக்கோழி மன்னிக்கும், வாத்துக்கு அதன் கொழுப்பே துணை, வான்கோழிக்கு மட்டும் நெஞ்சில் ஈவிரக்கமே கிடையாது, கொஞ்சம் அசந்தால் நாராகிவிடும். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டில் கெத்து காட்டப் போய், மிளகும் பூண்டும் பூசி நாலு மணி நேரம் சுட்டு, கொண்டுபோய் நடுமேசையில் வைத்தேன். மாமனார் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார், மென்றுகொண்டே இருந்தார், தண்ணீர் குடித்தார், பிறகு நிதானமாக, “மாப்ள, இது வான்கோழியா, வள்ளத்துப் பலகையா?” என்றார். பந்தியே சிரித்தது. தெக்லா சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, கல்யாணமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை, தட்டைக் குனிந்து பார்த்தபடி அந்தப் பலகையை ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள். அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேல் நிஜமாகவே ஆசை வந்தது என்று இப்போது தோன்றுகிறது. மறுவருஷம் துறைமுகத்தில் உப்பு ஏற்ற வந்த ஒரு கப்பலின் சமையல்காரர், மங்களூர்க்காரர், ஒரு வழியைச் சொல்லிக்கொடுத்தார். ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறவிடு, உப்பு உள்ளே போய் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பிறகு அடுப்பு உறிஞ்சினாலும் விடாது. எவ்வளவு உப்பு என்று கேட்டேன், கைப்பிடி கைப்பிடியாகச் சொன்னார். எனக்குக் கைப்பிடி சரிப்படாது. வீட்டுக்கு வந்து டிகிரி மீட்டரைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைச் சேர்த்து ஆறு டிகிரியில் நிறுத்தினேன். அது எங்கள் கம்பெனியில் உப்பளத் தண்ணீரின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழல், கீழே ஈயக்குண்டு வைத்த குமிழ், மேலே கோடு போட்ட காம்பு. வெறும் தண்ணீரில் விட்டால் பூஜ்யம்வரை முங்கும், உப்பு ஏற ஏற மேலே எழும்பும். கடல் தண்ணீர் மூன்று. வான்கோழிக்கு ஆறு. அந்த வருஷம் மாமனார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததே அவருடைய பாராட்டு. அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட ஆறு மாறியதில்லை.

இந்த வருஷம் மாறவில்லை என்று யார் சொல்வது. யோசி இன்னாசி, நிதானமாக யோசி. நேற்று சாயங்காலம் வாளியைக் குளிரவைக்க ஐஸ் வாங்கி வந்தேன், அது நிச்சயம், துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் அரைக்கட்டி வாங்கிச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தேன், ஆட்டோக்காரன் சீட் நனையுது என்று முணுமுணுத்தான். ஐஸை உடைத்தேன், சுத்தியல் சத்தம் காதில் இருக்கிறது. வாளியில் தண்ணீர். தண்ணீரில் உப்பு. டிகிரி மீட்டரை விட்டேன், அது தலையை ஆட்டி ஆட்டி நின்றது, குனிந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், ஆறு. இதோ தெளிவாகத் தெரிகிறதே, ஆறாவது கோட்டில் தண்ணீர் ஒட்டி நிற்கிறது, பின்னால் சிவப்பாக வாளி. சிவப்பு வாளி. சிவப்பு வாளி ஆவணி மாதமே அடி விரிந்து உடைந்து பழைய இரும்புக்காரனுக்குப் போய்விட்டது. இப்போது வீட்டில் இருப்பது நீல வாளி. அப்படியானால் நான் பார்த்துக்கொண்டிருப்பது போன வருஷத்து ஆறு. ஒரே வேலையை ஒரே நாளில் ஒரே கையால் வருஷா வருஷம் செய்தால் நினைவு ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்கிறது, நேற்றையதைப் பிரித்து எடுக்க முடியவில்லை. வாளித் தண்ணீரை நக்கிப் பார்த்தால் போதும், ஆனால் அது இல்லை. காலையில் நான் கோழியைத் தூக்கிக் குழாயடியில் காட்டித் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, “தண்ணியை நான் ஊத்திட்டு வாரேன், உங்க முதுகுக்கு ஆகாது. இது உதவியில சேராது” என்று தெக்லா தூக்கிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்தால் வாளியைக் கழுவியே கவிழ்த்துவிட்டாள். சுத்தக்காரி. சரி, டிகிரி மீட்டரைப் பார்ப்போம், நேற்று எடுத்திருந்தால் டப்பா ஈரமாக இருக்கும் என்று ஃப்ரிட்ஜ் மேலிருந்த நீளத் தகர டப்பாவை எடுத்தேன். திறந்தேன். குமிழ் மேலே இருந்தது. காம்பு கீழே. டப்பாவின் அடியில் பஞ்சு வைத்திருக்கிறேன், குமிழ் அதில் உட்கார வேண்டும், அதற்காகத்தான் பஞ்சு. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் தலைகீழாக வைத்ததில்லை. இப்போது வைத்திருக்கிறேன். எப்போது வைத்தேன், எதற்கு எடுத்தேன், பார்த்தபோது எத்தனை இருந்தது, ஒன்றும் இல்லை, அந்த இடத்தில் வெறும் சுவர். மெதுவாக எடுத்துக் குமிழைப் பஞ்சில் இறக்கி டப்பாவை மூடினேன். என் அண்ணன் கடைசிக் காலத்தில் என்னைப் பார்த்து மரியாதையாக, “சாருக்கு எந்த ஊரு?” என்று கேட்டான். நானும் மரியாதையாகத் தூத்துக்குடி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதேன். தெக்லாவைப் பார்த்து அப்படிக் கேட்கிற நாள் ஒன்று எனக்கு வைத்திருக்கிறதா என்று நினைத்தபோது உடம்பெல்லாம் பயம்.

பதினொன்றேகாலுக்குக் கோழியைத் திருப்ப வேண்டும். முதல் ஒன்றேகால் மணி நேரம் நெஞ்சு கீழே, சாறெல்லாம் அங்கே இறங்கட்டும். பிறகு மல்லாத்தி, வெண்ணெய் தடவிய வாழையிலையால் நெஞ்சை மூடிவிட வேண்டும். இதெல்லாம் எனக்கு மறக்கவில்லை பாருங்கள், தேவையில்லாத பத்து விஷயம் ஞாபகம் இருக்கிறது, வேண்டிய ஒன்றுதான் இல்லை. தட்டை வெளியே இழுத்துக் கோழியை மல்லாத்தினேன். மிளகும் பூண்டும் எலுமிச்சையும் வெந்த வாசம் முகத்தில் வந்து மோதியது, அந்தப் பயத்திலும் வாய் ஊறியது. தட்டில் வடிந்திருந்த சாற்றை ஸ்பூனால் எடுத்து ஊதி நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. ஒரு நொடி மாதாவே என்று நெஞ்சு இறங்கியது. அடுத்த நொடி ஞாபகம் வந்தது, தோலுக்கடியில் நான் திணித்தது உப்பு வெண்ணெய், பாக்கெட்டிலேயே உப்பு போட்டது, சாறு எப்படியும் கரிக்கத்தான் செய்யும். இறைச்சியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. இப்போது மேலே ஒரு கைப்பிடி தூவினால் என்ன. ஊறாத கோழியாக இருந்தால் பிழைக்கும். ஊறிய கோழியாக இருந்தால் வாயில் வைக்க முடியாது. தூவாவிட்டால் அதேதான் மறுபக்கம். கை அதற்குள் ஜாடிக்குள் போய் ஒரு பிடி அள்ளிவிட்டது. அள்ளிய கையோடு கோழிக்கு மேலே நிற்கிறேன். விரல் இடுக்கு வழியாக ஒரு கல் விழுந்து தட்டில் சொய்ங் என்றது. “ஏங்க, என்ன பண்ணுதீங்க?” தெக்லா வாசற்படியில் நின்றாள், கையில் தேங்காய்த் துருவல் கிண்ணம். “ஒண்ணுமில்ல, திருப்புதேன்” என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். “திருப்பியாச்சுல்லா. சூடு போயிரும், உள்ள தள்ளுங்க” என்றாள். குரலில் அவசரம் இல்லை, ஆனால் கதவடியிலிருந்து நகரவும் இல்லை. நான் மறுகையால் இலையைப் போட்டு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும்வரை நின்றாள். மூடிய கையைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கொண்டுபோய் விரித்தேன், உப்பு கொட்டியது, குழாயைத் திறந்துவிட்டேன். “வேர்த்து ஊத்துது பாருங்க, கொஞ்சம் உக்காருங்க” என்று முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போனாள். தேங்காய் வாசம் அடித்தது.

அதற்குப் பிறகு நாற்காலியைப் போட்டு ஓவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் வாழையிலை சுருண்டு கருத்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டைப் பார்த்தேன். பெரிய வீடு ஒன்றும் இல்லை. சுவரில் உப்புக்காற்று அரித்த இடத்தில் வருஷாவருஷம் சுண்ணாம்பு அடிக்கிறேன், வருஷாவருஷம் உதிர்கிறது, அதோடு எனக்கு ஒரு சண்டை. பால்காரர் மணி அடிக்காமல் வாசலில் நின்று இருமுவார். காலைப் பூசை மணி கேட்டுத்தான் பல் தேய்க்கிறேன். சென்னையில் பதினோராவது மாடியில் எதைக் கேட்டு நான் பல் தேய்ப்பேன். ஆனால் டெரன்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை. சின்ன வயசில் வான்கோழிக் கால் அவனுக்குத்தான், இரண்டு கையாலும் பிடித்துக் காதுவரை எண்ணெய் பூசிக்கொண்டு கடிப்பான், எலும்பை ஒரு வாரம் ஒளித்துவைப்பான். அந்தப் பயல் இன்றைக்கு என்னை எங்கே பத்திரமாக வைக்கலாம் என்று இடம் தேடுகிறான். பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், எனக்கு அவன்மேல் உயிர், இருந்தாலும் அவன் சொல்கிற இடம் எனக்கு வேண்டாம். பன்னிரண்டரைக்கு அவனும் மருமகள் ஜெனிட்டாவும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். “வாசலுக்கே வாசம் வருது மாமா” என்றாள் ஜெனிட்டா. கோழியை வெளியே எடுத்து, இலையை நீக்கி, கத்தியைத் தொடையில் குத்தினேன், தெளிந்த சாறு வந்தது. தங்க நிறத்தில் தோல் உப்பி நின்றது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, பார்வைக்கு நானும்தான் நன்றாக இருக்கிறேன். “வெட்டலாமாப்பா?” என்றான் டெரன்ஸ். “அரை மணி நேரம் ஆகணும். சாறு உள்ள திரும்பணும். இல்லன்னா எல்லாம் தட்டுல ஓடிரும்” என்றேன். அந்த அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த ஜெபங்களெல்லாம் முடிந்து, எப்போதோ பள்ளிக்கூடத்தில் படித்த பதினாறாம் வாய்ப்பாட்டில் போய் நின்றேன்.

தெக்லா மேசையில் தேங்காய்ப்பால் சோறும் உருளைக்கிழங்கும் வைத்தாள், நடுவில் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூன்களைச் செருகி வைத்தாள். ஜெபம் சொன்னோம். நான் வெட்டினேன். நெஞ்சுத் துண்டு கத்திக்கு இடம் கொடுத்து மெத்தென்று சாய்ந்தது, வெட்டிய இடம் ஈரமாக மினுங்கியது. வெறும் தண்ணீரில் கிடந்த கோழி இப்படி மினுங்காது என்று ஒரு மனசு சொன்னது, நம்பாதே என்று இன்னொரு மனசு சொன்னது. டெரன்ஸ் தட்டில் வைத்தேன். அவன் வாயில் போட்டான். நான் அவன் தாடையையே பார்த்தேன். மென்றான், கண்ணை மூடினான், விழுங்கினான். “சரியா இருக்குப்பா. எப்பவும்போலயே இருக்கு” என்றான். “நீங்க ஜெயிச்சிட்டீங்க.” நான் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தேன். ஈரம், மெதுவு, எலும்பு ஓரம்வரை உப்பு ஏறியிருந்தது. ஆறு. ஆறேதான். ஆனால் நாக்குக்கு இன்னொன்றும் தெரிந்தது, முப்பத்துநாலு வருஷ நாக்கு. இது என் கல்லுப்பு இல்லை. கல்லுப்பில் கடைசியில் லேசாக ஒரு கசப்பு நிற்கும், கடலின் கசப்பு. இதில் அது இல்லை, மொட்டையாக முடிந்தது. கடையில் விற்கிற தூள் உப்பு. என் வீட்டில் அது மோர்மிளகாய்க்குக்கூட ஆகாது என்று நான் சட்டம் போட்டிருக்கிற உப்பு, ஜெனிட்டா போன தடவை தெரியாமல் வாங்கி வந்து அடுக்களை மூலையில் கிடந்த இரண்டு அரைக்கிலோ பாக்கெட். நிமிர்ந்தேன். எதிரே டம்ளரில் ஸ்பூன்கள் நின்றன, காம்பு கீழே, தலை மேலே. தெக்லா அப்படித்தான் வைப்பாள், ஸ்பூன் என்றால், கரண்டி என்றால், எது என்றாலும் தலை மேலே. டப்பாவுக்குள் குமிழ் மேலே இருந்தது. அதை வைத்தது நான் இல்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள், அந்த முதல் கிறிஸ்துமஸில் குனிந்திருந்த அதே குனிவு. பேசாமல் இருந்துவிடலாம். வீடு கிடைத்துவிட்டது, சாப்பாடு அருமை, வாயை மூடிக்கொண்டு இன்னொரு துண்டு வெட்டினால் எல்லாருக்கும் நிம்மதி. என்னால் முடியவில்லை. “நான் ஜெயிக்கல டெரன்ஸ்” என்றேன். “நான் உப்பே போடல. வெறும் தண்ணியில முக்கி வெச்சிருக்கேன். உங்கம்மாதான் போட்டிருக்கா.” தெக்லா, “என்ன உளறுதீங்க, சாப்பிடுங்க” என்றாள். “பாக்கெட் உப்பா?” என்று கேட்டேன். அவள் கை நின்றது. “ரெண்டு பாக்கெட்டையும் பிரிச்சேன். ஜாடியில எடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சிரும்லா” என்றாள். “பூசை முடிஞ்சு வந்து நீங்க படுத்த பிறகு மீட்டரை விட்டுப் பாத்தேன். தலைவரைக்கும் முங்கிட்டு. ஆறு வார வரைக்கும் கொட்டுனேன். அந்தப் பதட்டத்துல மீட்டரைத் திருப்பி எப்படி வெச்சேன்னுகூட எனக்குத் தெரியல.” ஜெனிட்டா மெதுவாக, “உங்களுக்கு எப்படி அத்தை பாக்கணும்னு தோணுச்சு?” என்று கேட்டாள். “எல்லா வருஷமும் பாப்பேன்” என்றாள் தெக்லா. “எங்கப்பா அன்னைக்குப் பலகைன்னு சொன்னாங்கல்லா, இனி ஒருத்தர் இவுகளப் பாத்துச் சிரிக்கக்கூடாதுன்னு, அதுக்கு மறுவருஷத்துல இருந்து பாக்கேன். இவுக தூங்குனதும் விட்டுப் பாப்பேன். ஆறுல நிக்கும். எடுத்து இவுக வைக்கிற மாதிரியே வெச்சிட்டுப் போய்ப் படுத்துருவேன். இந்த வருஷந்தான் நிக்கல.”

டெரன்ஸ் தட்டைத் தள்ளிவைத்தான். “வேற என்னெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கீங்கம்மா?” என்றான். கொத்தமல்லி புதினா வாங்கச் சொல்வதுபோல அவள் சொன்னாள். “கேஸு. வாசக் கதவு. மாத்திரை. வெளிய கிளம்புனா சட்டைப் பையில நம்பர்ச் சீட்டு.” நான் பையைத் தொட்டுப் பார்த்தேன், சீட்டு இருந்தது. “இதெல்லாம் எத்தனை நாளைக்கும்மா, உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?” என்றான் அவன். “கஷ்டந்தான். இல்லைன்னு சொல்லுவனா. அங்க வந்தா மட்டும் கொறையுமாக்கும்? இங்க தப்பா ஒரு கதவத் தட்டுனா, கொரேரா சார்வாள்னு உக்காரவெச்சுத் தண்ணி குடுக்காங்க. உன் பதினோரு மாடியிலயும் ஒரே மாதிரிக் கதவு. எந்தக் கதவுல சாவியப் போட்டுக்கிட்டு நிப்பாவளோ, நான் எந்த மாடியில போய்த் தேட?” என்றாள். டெரன்ஸ் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். பிறகு கையை நீட்டி வான்கோழியின் காலைத் திருகிப் பிய்த்து, என் தட்டில் வைத்தான். இத்தனை வருஷமும் அது அவனுடையது. “மாசம் ஒருக்கா நான் வாரேன். டாக்டர் கிட்ட நாளன்னைக்குப் போறோம், அதுல பேச்சு இல்ல. மத்தபடி இங்கயே இருங்க” என்றான். காலைக் கையில் எடுத்துக் கடித்தேன், கண்ணீர் வடிந்து அதில் உப்பு கொஞ்சம் கூடித்தான் போனது. மறக்கத்தான் போகிறேன், இன்றைக்கு உப்பு, நாளைக்கு வேறொன்று, கடைசியில் அண்ணன் மாதிரி யாரையோ பார்த்து மரியாதையாக ஊர் கேட்பேன். அந்தப் பயம் போகவில்லை. ஆனால் காலையில் தனியாகப் பயந்துகொண்டிருந்தேன், இப்போது அவளோடு சேர்ந்து பயப்படுகிறேன், அது வேறு மாதிரியாக இருக்கிறது. சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்துக்குப் போன பிறகு டிகிரி மீட்டரை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தேன். டப்பாவின் அடியிலிருந்த பஞ்சை எடுத்து மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். காம்பைக் கீழே விட்டு, குமிழ் மேலே இருக்கும்படி, தெக்லா வைக்கிற மாதிரி வைத்து மூடினேன்.